கானமயிலுக்கு வழிவிட்டு வரையுங்கள்

மின்பாதைகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பொறியாளர்களே,



சூரிய மின்பூங்காவுக்கும் காற்றாலைக்கும் இடம் பார்ப்பவர்கள், அங்கிருந்து சப் ஸ்டேஷன் வரை கம்பி போகும் வழியை சர்வே செய்பவர்கள், டவர் நிற்க வேண்டிய புள்ளிகளை வரைபடத்தில் குறிப்பவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அமைச்சர்களுக்கும் பெருநிறுவனத் தலைவர்களுக்கும் மடல் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு பறவையினம் பிழைக்குமா அழியுமா என்பது பல நேரங்களில் உங்கள் மேசையில்தான் தீர்மானமாகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பதை எதிர்க்கும் கடிதம் அல்ல இது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பெருமையோடு பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்பதை அங்கே வலை வீசிப் பிழைக்கும் மக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிலக்கரி எரிய எரிய பூமி சூடாகிறது. அந்தச் சூடு பறவைகளையும் விட்டுவைக்காது. 2030-க்குள் 500 ஜிகாவாட் அளவுக்குப் புதைபடிவ எரிபொருள் சாராத மின்திறனை எட்டுவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அது நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதை எட்டும் அவசரத்தில் எதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் என் கவலை.

அந்தக் கவலைக்கு ஒரு முகம் உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சல்மர் மாவட்டத்தில், தார் பாலைவனத்தின் புல்வெளிகளில் கானமயில் வாழ்கிறது. அங்குள்ள மக்கள் அதை கோடாவண் என்று அழைக்கிறார்கள். அந்த மாநிலத்தின் பறவையும் அதுவே. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடையிருக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே மிகக் கனமானவற்றுள் இதுவும் ஒன்று. கூடு கட்டாமல், வெறுந்தரையில், வழக்கமாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஒருகாலத்தில் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் திரிந்த பறவை இது. 1969-இல் இவை சுமார் 1,260 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 150. அவற்றில் பெரும்பாலானவை தாரில்தான் இருக்கின்றன. குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஆண் துணை இல்லாமல் ஒருசில பெட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. 2011-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்தது.

துப்பாக்கி வேட்டை, வயலாக மாறிய புல்வெளிகள், முட்டையைத் தின்னும் நாய்கள் என்று இந்த வீழ்ச்சிக்குப் பழைய காரணங்கள் பல. அவற்றில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் இன்று வளர்ந்த பறவைகளைக் கொல்லும் காரணங்களில் மின்கம்பியையே முதன்மையானதாக இந்தியக் காட்டுயிர் நிறுவனம் காட்டுகிறது.

கம்பியில் எப்படி மோதுகிறது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் பகையைக் கண்டுகொள்ள அது தோதான அமைப்பு. நேர் முன்னால் பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது. இதன் ஆப்பிரிக்க உறவினமான கோரி கானமயிலின் பார்வையை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பறக்கும்போது தலையை 25 பாகை அளவுக்குத் தாழ்த்தினாலே, போகும் திசை முழுவதும் அதன் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குள் போய்விடுகிறது. புல்வெளியில் இரையையும் இனத்தையும் தேடும் பறவை தலையைத் தாழ்த்தாமல் வேறென்ன செய்யும்? அந்த உயரத்தில் மோதுவதற்கு எதுவுமே இல்லாத வானத்தில் உருவான கண்கள் அவை.

கடைசி நொடியில் கம்பி தெரிந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. தடித்த கண்டக்டர்கள் கண்ணில் பட்டதும் பறவை மேலே எழும்பப் பார்க்கும். அவற்றுக்கும் மேலே, இடி இறங்காமல் காக்க நீங்கள் இழுத்துக் கட்டிய எர்த் வயர் இருக்கிறது. அது கண்டக்டரை விட மெல்லியது. வெளிர் வானத்தில் எளிதில் புலப்படாது. கண்டக்டரைத் தப்பிய பறவை அதில் போய் அடிபடுகிறது. 15 கிலோ உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. சிறகு முறியும், கழுத்து முறியும். அந்தக் கம்பியில் மின்சாரமே ஓடாவிட்டாலும் பறவை சாகும்.

எத்தனை சாகின்றன? கம்பிக்கு அடியில் நடந்து நடந்து, கிடக்கும் சடலங்களையும் இறகுக் குவியல்களையும் எண்ணித்தான் கணக்கெடுக்க முடியும். நரியும் நாயும் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போனவை அந்த எண்ணிக்கையில் சேராது. அதற்குத் தனியே ஈடுகட்டிக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்ட இந்தியக் காட்டுயிர் நிறுவனம், கானமயில் வாழும் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும், எல்லா இனங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்பாதைகளால் இறக்கின்றன என்று மதிப்பிட்டது.

உங்களில் சிலர் இதற்குச் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். கட்டடக் கண்ணாடிகளில் மோதியும் பூனைகளிடம் சிக்கியும் சாகும் பறவைகள் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பீர்கள். உலக அளவில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பூனையிடம் சிக்கும் சிட்டினங்கள் ஆண்டுக்குப் பல குஞ்சுகள் பொரிப்பவை. கம்பியிலும் காற்றாலையிலும் அடிபடுபவற்றில் கானமயில், பாறு, கழுகு, கொக்கினங்கள் போன்றவை இருக்கின்றன. இவை பெரிய உடம்போடு நெடுங்காலம் வாழ்ந்து, மெதுவாக இனம் பெருக்குபவை. நூறு குஞ்சு செத்தாலும் தாங்கிக்கொள்ளும் இனம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முதிர்ந்த பறவைகள் கூடுதலாகச் செத்தாலே சரிந்துவிடும் இனமும் உண்டு. 150 பறவைகள் மட்டுமே மிஞ்சிய இனத்தில் ஒவ்வொரு சாவும் வருங்காலத்தில் ஓட்டை போடுகிறது. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

கானமயிலைக் காக்கக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் எத்தனை திருப்பங்களைக் கண்டது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை வடித்ததில் பங்காற்றிய எம்.கே. ரஞ்சித்சிங் 2019-இல் மனு போட்டார். 2021 ஏப்ரலில், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்நிலைக் கம்பிகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொதுத் தடையைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். 2025 டிசம்பரில் அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரையும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரையும் முன்னுரிமைப் பரப்பாக வகுத்து, அங்கே புதிய காற்றாலைகளுக்கும் பெரிய சூரியப் பூங்காக்களுக்கும் தடை விதித்தது.

இதைப் பருவநிலைக்கும் பறவைக்கும் இடையிலான வழக்காகப் பலர் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயில் தார் முழுக்க அடிக்கிறது. கானமயில் தார் முழுக்க இல்லை. எந்த இடத்தில் எடுப்பது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருந்தால் இத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்காது. நிறுவனங்களின் முதலீடும் நடுவழியில் சிக்கியிருக்காது.

தொடக்கத்தில் ஏன் கேட்கப்படவில்லை? சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்பதே முக்கியக் காரணம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களில் சூரிய ஒளி மின் திட்டங்களும் நிலத்துக் காற்றாலைகளும் வருவதில்லை. புகையில்லாத மின்சாரம் என்பதால் கிடைத்த சலுகை அது. அதன் விளைவு என்னவென்றால், வனநிலமோ சரணாலயமோ குறுக்கிடாத இடத்தில் பறவைக்காக வாய் திறக்கக்கூடிய கடைசி ஆள் பெரும்பாலும் பாதையை வரைகிற பொறியாளர்தான். இந்த மடல் உங்கள் முகவரிக்கு வருவதற்கும் அதுவே காரணம்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் ஒதுக்கவில்லை. எல்லாக் கம்பியையும் மண்ணுக்கடியில் புதைத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. 400 கே.வி., 765 கே.வி. அளவிலான மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தூரம் புதைவடத்தில் கொண்டுபோக முடியாமல் வடத்தின் மின்தேக்கமே தடுக்கும். இணைப்புகளில் பழுது வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்ய நாளாகும். செலவும் பல மடங்கு. இவை சாக்குப்போக்குகள் இல்லை. ஆனால் 33 கே.வி. கம்பிகளுக்கு இந்தத் தடை கிடையாது. காற்றாலையிலிருந்து சப் ஸ்டேஷன் வரையிலான அந்தக் குறைந்த அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது நடைமுறையில் உள்ள வேலைதான். புதைக்க முடியாத பெரிய பாதைகளுக்கு வேறு விடை உண்டு: சுற்றிக்கொண்டு போவது. கானமயிலின் முட்டைத் தரைக்குக் குறுக்கே போகாமல் வளைந்து போனால் கூடும் கிலோமீட்டர்களின் செலவு, திட்டம் காகிதத்தில் இருக்கும்போது சிறியது. டவர்கள் நட்ட பிறகு அதே மாற்றம் பெருஞ்செலவு.

"பறவை விலக்கி மாட்டிவிட்டோமே" என்று இந்த இடத்தில் பலர் சொல்வார்கள். கம்பியில் தொங்கிச் சுழன்று பளபளக்கும் அந்தத் தட்டுகள் பல இனங்களைக் காப்பது உண்மை. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் நடந்த ஒரு பெரிய கள ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. கம்பியில் குறி மாட்டியதால் பெரிய பறவைகளின் மோதல் சாவு பொதுவாக 51 விழுக்காடும், நீலக் கொக்கின் சாவு 92 விழுக்காடும் குறைந்தன. கானமயில் இனங்களுக்கு மட்டும் அதனால் பயன் தெரியவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: முன்னால் பார்க்காத பறவைக்கு முன்னால் எதைத் தொங்கவிட்டு என்ன பயன்? விலக்கிகளை மாட்டுங்கள், மற்ற பறவைகளுக்கு அவை தேவை. கானமயில் நிலத்தில் அதோடு கடமை முடிந்ததாகக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

பொறியியல் மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு உங்கள் துறையிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் தெற்கு முனையில் தரீஃபா பகுதியில் காற்றாலைகளில் அடிபட்டு ஏராளமான பாறுகள் செத்தன. பறவை நெருங்குவதை ஆட்கள் நின்று கவனித்து, அந்தந்தக் காற்றாலையை மட்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். பாறுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தியில் இழப்பு 0.07 விழுக்காடு மட்டுமே. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், காற்று மெதுவாக வீசும் கோடை இரவுகளில் காற்றாலை சுழலத் தொடங்கும் வேகத்தைச் சற்று உயர்த்தியதில் வௌவால் சாவு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் போனது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நார்வேயின் ஸ்மோலாத் தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நான்கு காற்றாலைகளில் மட்டும் நடந்த சோதனை என்பதால் அதை எல்லா இடத்துக்குமான விதியாகக் கொள்ள முடியாது. என்றாலும் சோதித்துப் பார்க்கும் அந்த மனம் நமக்கும் வேண்டும்.

சடலம் கிடைக்காத இடத்திலும் தீங்கு இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி என்ற மேட்டுநிலத்தில் நீண்ட காலமாகக் காற்றாலைகள் இயங்குகின்றன. மரியா தேக்கரும் உடன் ஆய்வாளர்களும் அங்கே செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. அந்த ஓணானின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தொண்டைக்கு அடியில் நீலம், கறுப்பு, செம்மஞ்சள் நிறங்களில் விசிறி விரித்துப் பெட்டையை அழைக்கும். காற்றாலைகளுக்கு நடுவே வாழ்ந்த ஆண்களிடம் அந்த வண்ணமே மங்கியிருந்தது, உடம்பும் மெலிந்திருந்தது. வல்லூறு வராத வானம் தரையில் ஊரும் ஓணானின் நிறம் வரைக்கும் மாற்றிவிடுகிறது. "இங்கே எந்தப் பறவையும் சாகவில்லை" என்று அறிக்கை எழுதும்போது, பறவைகள் அங்கே வருவதையே விட்டுவிட்டனவா என்றும் பார்த்து எழுதுங்கள்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்கா 2,245 மெகாவாட் திறனோடு ஏறத்தாழ 14,000 ஏக்கரில் விரிந்திருக்கிறது. இவ்வளவு இடம் தேவைப்படும்போது அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தின் மேல் கண் போவது இயல்பு. ஆனால் புல்வெளியும் முட்புதர்க் காடும் அந்தப் பதிவேட்டில் தரிசாகவே கிடக்கின்றன. ஜெய்சல்மர் பகுதியில் ஓரண் எனப்படும் நிலங்கள் உண்டு. கோயிலின் பெயரால் மரம் வெட்டாமல், உழாமல், தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்துவரும் மேய்ச்சல் வெளிகள் அவை. நம் ஊர்க் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஒட்டகமும் ஆடும் மேயும் அந்த ஓரண்களில்தான் கானமயிலும் ஒதுங்குகிறது. அவற்றைச் சூரியத் திட்டங்களிலிருந்து காக்கக் கோரி அந்தக் கிராம மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பதிவேட்டோடு நிற்காமல், அங்கே ஆடு மேய்ப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இது தொலைதூரப் பாலைவனத்தின் கதையாக முடிந்துவிடவும் போவதில்லை. கடலில் காற்றாலை அமைக்க 2024-இல் மத்திய அரசு நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 500 மெகாவாட் தமிழகக் கடலுக்கு. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுவுக்கான காப்பகத்தைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் வந்தது. வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் கரை அது. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்த் தீவில், காற்றாலைகளுக்காகப் பறவைகளின் வழியும் மீனவரின் வாழ்வும் பறிபோகும் என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். தாரில் தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வியை மன்னார் வளைகுடாவில் முதல் நாளே கேட்கும் வாய்ப்பு, தமிழ் படிக்கும் பொறியாளர்களான உங்களுக்கு இருக்கிறது.

உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, டெண்டருக்கு முன்பே பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது ஓர் ஆண்டு, எல்லாப் பருவங்களிலும். கோடையில் ஒரு வாரம் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பொதுப் பாதை. பக்கத்துப் பக்கத்துத் திட்டங்கள் ஒரே சப் ஸ்டேஷனுக்குத் தனித்தனியாகக் கம்பி இழுப்பதைத் தவிர்த்து, பறவை நடமாட்டம் குறைந்த ஒரே வழியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகப் பேசுங்கள்.

மூன்றாவது, புதைவடத்துக்கும் சுற்றுப்பாதைக்கும் ஆகும் செலவைத் திட்ட அறிக்கையின் முதல் வரைவிலேயே எழுதுங்கள். பிறகு சேர்த்தால்தான் அது கூடுதல் செலவாகத் தெரியும்; முதலில் எழுதினால் அதுவே திட்டத்தின் விலை.

நான்காவது, கம்பி இழுத்த பிறகும் அடியில் நடந்து எண்ணுங்கள். எண்ணியதை மறைக்காமல் வெளியிடுங்கள். அடுத்த பொறியாளர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

மேலதிகாரியின் அவசரமும் காலக்கெடுவும் உங்களை எப்படி நெருக்கும் என்பதை உணராமல் இதைக் கேட்கவில்லை. சில நேரம் உங்கள் குறிப்பு கோப்பிலேயே தங்கிவிடும். ஆனாலும் எழுதுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் நாளில், "இந்த இடம் வேண்டாம் என்று களத்தில் இருந்தவரே எழுதியிருக்கிறார்" என்று எடுத்துக் காட்ட அந்த ஒரு பக்கம் உதவும்.

நிலக்கரியை விட்டு வெளியே வரும் இந்தப் பெரும் பணியை நாட்டுக்காகச் செய்பவர்கள் நீங்கள். அதைப் பறவைகளைப் பலிகொடுக்காமல் செய்யும் அறிவும் கருவிகளும் உங்களிடமே இருக்கின்றன. அடுத்த முறை ஒரு பாதை வரைபடம் உங்கள் கையெழுத்துக்கு வரும்போது, அந்தப் பகுதியின் பறவைகள் பற்றிய விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.

நம்பிக்கையுடன்,
ஒரு பறவை ஆர்வலர்